போர் விமானியும் யசோதை அன்னையும்

1928 நவம்பர் இறுதி. லக்னோ வீதிகளில் சைமன் கமிஷனை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது குதிரைப் போலீசார் பாய்ந்தார்கள். ஜவாஹர்லால் நேருவின் முதுகில் தடி விழுந்தது. அல்மோரா மலைப்பகுதியில் பிறந்த கோவிந்த வல்லப பந்த் வாங்கிய அடியின் பாதிப்பு அவருடைய உடம்பில் கடைசிவரை இருந்தது. அதே மாதம் லாகூரில் லாலா லஜபதி ராய் இறந்திருந்தார். முந்தைய மாதத்துத் தடியடிதான் அவரைக் கொன்றது என்று நாடே நம்பியது. வெள்ளைக்காரன் என்றாலே ரத்தம் கொதித்த ஆண்டு அது.

அந்த ஆண்டில்தான், அதே லக்னோவின் பல்கலைக்கழகத்தில் முன்பு ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஓர் இங்கிலாந்துக்காரர், ஒரு வங்காளப் பெண்மணியின் காலில் விழுந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டார். தலையை மழித்துக் குடுமி வைத்தார். கழுத்தில் துளசி மணி, நெற்றியில் கோபீசந்தனம். தீட்சை தந்தவர் அதுவரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விருந்து படைத்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த குடும்பத் தலைவி. தீட்சை பெற்றவருக்கு வயது 30. ரொனால்டு நிக்சன் என்ற பெயர் அன்றோடு போயிற்று. ஸ்ரீ கிருஷ்ணபிரேம் என்ற பெயரில் அதன்பின் 37 ஆண்டுகள் வாழ்ந்தார்.

மேலைநாட்டவர் வைணவ அடியார் ஆவது இன்று யாருக்கும் வியப்பில்லை. மாயாப்பூரிலும் பிருந்தாவனத்திலும் ரஷ்யரும் அமெரிக்கரும் மிருதங்கம் கொட்டிப் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கிருஷ்ணபிரேம் வந்த காலத்தில் அவருக்கு முன்னால் பாதை இல்லை, வரவேற்க இயக்கம் இல்லை, கூட நடக்கக் கூட்டமும் இல்லை. சைதன்யரின் வழிவந்த கௌடீய வைணவத்தில் முறைப்படி தீட்சை பெற்ற முதல் மேலைநாட்டவர்களில் ஒருவர், ஒருவேளை முதல்வரே அவர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதல்வர் என்பதற்காக அவரைப் பற்றி எழுதவில்லை. ஆளும் இனத்தில் பிறந்த ஒரு படிப்பாளி, ஆளப்படும் இனத்துப் பெண் ஒருத்தியைக் குருவாக ஏற்று, அவர் சொன்னதைக் கேட்டு, அவருக்காகச் சமைத்து, கடைசிவரை அவரை விட்டு நகராமல் இருந்தார். அந்தப் பணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வானத்தில் ஒரு கை

நிக்சன் பிறந்தது 1898 மே 10, இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில். முதல் உலகப்போரில் பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோரில் சேர்ந்து 1917இல் அதிகாரியானார். அப்போது வயது 19. மரச்சட்டமும் துணியும் கம்பியுமாகப் பிணைத்த அந்தக் கால விமானங்களில் ஏறிய இளைஞர்கள் பலர் சில வாரங்களிலேயே திரும்பாமல் போனார்கள். பாராசூட்கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்தப் போரில் தனக்கு நேர்ந்த ஒன்றைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பறந்துகொண்டிருந்தபோது தூரத்தில் சில விமானங்கள் தெரிகின்றன. நம் படையினர்தான் என்று எண்ணி அவற்றோடு சேர்ந்துகொள்ளத் திரும்புகிறார். அப்போது ஏதோ ஒரு சக்தி அவருடைய மணிக்கட்டைப் பற்றி விமானத்தை எதிர்த்திசையில் திருப்புகிறது. தளத்தில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அவை எதிரி விமானங்கள். போயிருந்தால் பிழைத்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட அனுபவத்தை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் அவருடைய இயல்பு தெரிந்துவிடும். அதிர்ஷ்டம் என்று சிலர் மறந்துவிடுவார்கள். தெய்வம் காப்பாற்றியது என்று சிலர் வழக்கமான தேவாலயத்துக்கே போவார்கள். நிக்சன் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ளத் தவித்தார். போரின் கொலைகளும் அர்த்தமின்மையும் அவரை உலுக்கியிருந்தன. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். கூடவே தத்துவம், பௌத்தம், பாலி மொழி, பிரம்மஞான சபையின் நூல்கள், அத்வைதம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார். புத்தரின் உருவம்தான் அவரை முதலில் ஈர்த்தது. ஒரு மனிதன் இந்தத் துயரத்துக்கெல்லாம் அப்பால் உண்மையிலேயே போயிருக்கிறான் என்றால், அப்படிப் போனவர்கள் இன்றும் எங்கோ இருக்க வேண்டும் அல்லவா? நூலகத்தில் அமர்ந்து அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

1921இல், அப்போதுதான் தொடங்கியிருந்த லக்னோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஏற்றுக்கொண்டு கப்பலேறினார்.

கணவரைத் தேடி வந்தவர்

லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஞானேந்திரநாத் சக்கரவர்த்தி. கணிதப் பேராசிரியர். பிரம்மஞான சபையில் பெரும் மதிப்புடையவர். 1893இல் சிகாகோ சர்வமத மாநாட்டில் சபையின் பிரதிநிதியாகப் பேசியவர். விவேகானந்தர் பேசிய அதே மாநாடுதான். நிக்சனுக்கு அவருடைய வீட்டிலேயே இடம் கிடைத்தது. பிள்ளை போலவே நடத்தினார்கள். ஆன்மிகத்தில் கரைகண்டவர் என்று அவர் எதிர்பார்த்து வந்தது இப்படிப்பட்ட ஒருவரைத்தான்.

ஆனால் அவருடைய கண் மெல்ல மெல்லச் சக்கரவர்த்தியின் மனைவி மோனிகா தேவியின் மேல் திரும்பியது. நவநாகரிகமான பெண்மணி, சரளமான ஆங்கிலம், வீட்டில் விருந்தும் சிரிப்பும் பேச்சுமாக இருப்பவர். அந்தக் கலகலப்புக்கு நடுவில் அவர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவதையும், சற்று நேரத்தில் வேறொரு முகத்தோடு திரும்புவதையும் நிக்சன் கவனித்தார் என்று சொல்வார்கள். ஒருநாள் பின்தொடர்ந்து போனபோது அவர் தன்னை மறந்த நிலையில் இருப்பதைக் கண்டார். கேட்டதற்கு, விருந்தின் நடுவிலும் கண்ணனின் அழைப்பு வந்தால் போய்விடுவதாக மோனிகா தேவி சொன்னார். தேடிவந்தது எதுவோ அது இந்த வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் அதை வரவேற்பறையில் தேடிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. தனக்கு வழிகாட்டும்படி வேண்டினார்.

மோனிகா தேவியின் இளமைக்கதையில் இன்னொரு செய்தி உண்டு. அவருடைய தந்தை ககன் சந்திர ராய் காஜிப்பூரில் இருந்தவர். 1890இல் துறவி பவஹாரி பாபாவைக் காண அந்த ஊருக்கு வந்த விவேகானந்தர் ககன்பாபுவின் வீட்டில் தங்கியபோது, சிறுமியாக இருந்த மோனிகாவை அமர்த்திக் குமாரி பூஜை செய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அப்போது விவேகானந்தரின் பெயரை நாடு அறியாது. சிகாகோ இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளி இருந்தது.

1926இல் சக்கரவர்த்தி ஓய்வுபெற்றுக் காசிக்குப் போனார். நிக்சனும் லக்னோ வேலையை விட்டுவிட்டு மதன்மோகன் மாளவியாவின் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டார். ஊரையும் பதவியையும்விட அந்தக் குடும்பம், குறிப்பாக அந்தத் தாய், அவருக்கு முக்கியமாகிவிட்டிருந்தது. பிறகு மோனிகா தேவி பிருந்தாவனத்தில் ராதாரமணர் கோயில் கோஸ்வாமி ஒருவரிடம் துறவு பெற்று யசோதா மாயி ஆனார். கணவர் இருக்கும்போதே, அவருடைய சம்மதத்தோடு. அவரிடமிருந்து நிக்சன் தீட்சை பெற்றார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து போன தீபம்

இங்கே தமிழ் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். அந்த ராதாரமணர் கோயிலின் வேர் நம் காவிரிக்கரையில் இருக்கிறது.

சைதன்ய மகாபிரபு 1510, 1511ஆம் ஆண்டுகளில் தென்னாட்டு யாத்திரை வந்தபோது மழைக்காலத்து நான்கு மாதங்கள் ஸ்ரீரங்கத்தில் தங்கினார். வெங்கட பட்டர் என்ற ஸ்ரீவைணவரின் வீட்டில் தங்கி, தினமும் காவிரியில் நீராடி அரங்கனைச் சேவித்தார் என்று சைதன்ய சரிதாமிருதம் சொல்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர், சைதன்யருக்குப் பணிவிடை செய்து, பெரியவரானதும் வடக்கே நடந்து பிருந்தாவனம் சேர்ந்தார். கௌடீய மரபைக் கட்டி எழுப்பிய ஆறு கோஸ்வாமிகளில் ஒருவர் ஆனார். அவர் பூசித்த சாளக்கிராமம் ஒன்றிலிருந்து 1542இல் கண்ணன் தானாக வெளிப்பட்டான் என்பது மரபு. அந்தச் சிறு திருமேனிதான் ராதாரமணர். அன்று மூட்டிய மடப்பள்ளித் தீ இன்றுவரை அணையவில்லை என்று அக்கோயிலார் சொல்கிறார்கள்.

கோபால பட்டரின் பெயரால் வழங்கும் ஹரிபக்தி விலாசம்தான் கௌடீயர்களுக்கு வழிபாட்டு விதிநூல். தளிகை எப்படி, நிவேதனம் எப்படி, துளசி எப்போது பறிக்கலாம், ஏகாதசி எப்படி என்று எல்லாம் அதில் உண்டு. முன்னாள் விமானி ஒருவர் இமயமலையில் மடி உடுத்திக் கண்ணனுக்குச் சமைத்த முறைக்குப் பின்னால் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். கங்கைக்கரை பக்தியும் காவிரிக்கரை பக்தியும் தனித்தனி என்று நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மிர்தோலா

தீட்சைக்குப் பிறகு குருவும் சீடரும் அல்மோரா மலைக்குப் போனார்கள். கௌடீயத் துறவிக்கு மாதுகரி விதிக்கப்பட்டிருக்கிறது. பல வீடுகளில் சிறிது சிறிதாகப் பிச்சை ஏற்று உண்பது. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் மலைவாசிகள் ஒதுங்கி நின்ற காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் அவர்களுடைய வாசலில் கையேந்தி நின்றார். துரை எதற்காகச் சோதனை போட வந்திருக்கிறார் என்று முதலில் பயந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

1930இல் அல்மோராவிலிருந்து ஜாகேசுவரம் போகும் திசையில், பனுவானௌலாவுக்கு அருகில் மிர்தோலா என்ற இடத்தில் ஆசிரமம் அமைந்தது. உத்தர பிருந்தாவனம் என்று பெயரிட்டார்கள். தேவதாரும் ஓக்கும் அடர்ந்த மலை. தெளிந்த நாளில் பனிச்சிகரங்கள் தெரியும். ராதாகிருஷ்ணருக்குச் சிறிய கோயில் எழுப்பினார்கள். நிலத்தில் விளைந்ததைக் கொண்டு வாழ்க்கை.

விடியுமுன் எழுந்து மங்கள ஆரத்தி, திருமஞ்சனம், தளிகை, நிவேதனம், மாலை ஆரத்தி, கீர்த்தனை என்று ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை. மடி, விழுப்பு விதிகள் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டன. பிராமண வீடுகளிலேயே தளர்ந்துகொண்டிருந்த ஆசாரங்களை ஓர் இங்கிலாந்துக்காரர் எள்ளளவும் விடாமல் செய்தார். வந்தவர்களில் பலருக்கு இது புரியவில்லை. பிளேட்டோவையும் புளோட்டினஸையும் உபநிடதத்தையும் கரைத்துக் குடித்தவர், பாத்திரம் தேய்த்த கையில் சாம்பல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அவருடைய பதில் எளிது: குரு சொன்னார், செய்கிறேன். தன் விருப்பப்படி விதிகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறவன் தன் விருப்பத்தைத்தான் வழிபடுகிறான் என்பது அவருடைய நிலைப்பாடு.

இதைப் படிக்கும்போது எனக்கு மதுரகவியாழ்வார் நினைவுக்கு வருகிறார். வடக்கே அயோத்தியில் இருந்தவர், தெற்கில் ஒரு பேரொளியைக் கண்டு அதைத் தொடர்ந்து நடந்து திருக்குருகூர் வந்து, புளியமரத்தடியில் இருந்த நம்மாழ்வாரைக் கண்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. வயதில் மூத்தவர் இளையவரின் காலடியில் அமர்ந்தார். நாலாயிரத்தில் அவர் பாடியது 11 பாசுரங்கள். அத்தனையும் குருவைப் பற்றியவை. ஸ்ரீவைணவர்கள் அவரை ஆழ்வார்களின் வரிசையில் வைத்திருப்பதற்கு அந்த ஒரு பதிகம் போதுமாக இருந்தது. ஆசார்யனைப் பற்றிக்கொண்டால் பெருமாளிடம் தனியே போய் நிற்க வேண்டியதில்லை என்ற இந்தத் தெளிவு கிருஷ்ணபிரேமுக்கும் இருந்தது. யசோதா மாயி நோயாளியாகி நாளெல்லாம் படுக்கையில் கிடந்த ஆண்டுகளில் அவருக்கான பணிவிடையும் கோயில் கைங்கர்யமும் கிருஷ்ணபிரேமுக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. 1944இல் அன்னை மறைந்தார்.

மிர்தோலாவில் அவர் தனியாகவும் இல்லை. கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் ராபர்ட் அலெக்சாண்டர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர், வேலையை விட்டுவிட்டு வந்து ஹரிதாஸ் என்ற பெயரில் ஆசிரமத்தில் சேர்ந்தார். மருத்துவமனை என்பதையே பார்த்திராத சுற்றுக் கிராமங்களுக்கு அவர் நடத்திய இலவச மருந்தகம் பெரிய வரம். சைதன்யரின் காலத்திலும் ஒரு ஹரிதாஸ் இருந்தார். முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்தவர். நாம சங்கீர்த்தனத்துக்கே ஆசார்யர் என்று கௌடீயர் போற்றுகிறவர். பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் அவர் போகவில்லை. சைதன்யர்தான் ஒவ்வொரு நாளும் அவருடைய குடிலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பழைய ஹரிதாஸின் குடிலை எடுத்துக்காட்டலாம். நம் பக்கம் திருக்கோட்டியூரில் இராமாநுசர் திருமந்திரத்தை எல்லோரும் கேட்கச் சொன்னதும் இந்த வழியில்தான் சேர்கிறது.

அர்ஜுனனின் சோர்வு

கிருஷ்ணபிரேம் 1930களில் எழுதிய பகவத்கீதை விளக்கநூல் இன்றும் அச்சில் இருக்கிறது. கௌடீய மரபின் பழைய உரைகளை அடியொற்றி எழுதியதன்று. அப்படி எதிர்பார்த்துத் திறக்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். கீதையின் 18 அத்தியாயங்களையும் ஓர் ஆத்மா ஏறும் 18 படிகளாக அவர் காண்கிறார். குருக்ஷேத்திரம் வெளியே இல்லை, உள்ளே. பௌத்தமும் கிரேக்க ஞானமும் உபநிடதமும் ஒரே உண்மையின் வெவ்வேறு வாய்மொழிகளாக அவருடைய பக்கங்களில் வந்துபோகின்றன.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது முதல் அத்தியாயத்துக்கு அவர் தரும் இடம். அர்ஜுனன் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் சரிந்து உட்காரும் பகுதி அது. கதாகாலட்சேபத்தில் பலரும் வேகமாகக் கடந்து இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதற்கும் யோகம் என்றே பெயர், விஷாத யோகம். கிருஷ்ணபிரேம் அந்தப் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். பழைய நம்பிக்கைகள் அத்தனையும் சரிந்து, இனி வாழ எந்தக் காரணமும் இல்லை என்ற இருட்டு வராமல் பாதை தொடங்குவதில்லை. சோர்வே முதல் படி. 19 வயதில் ஐரோப்பாவின் வானத்தில் சகவயதுப் பையன்கள் எரிந்து விழுவதைப் பார்த்த ஒருவர் இதை எழுதுகிறார் என்று நினைத்துப் படிக்கும்போது அந்தப் பக்கங்களின் கனம் கூடுகிறது.

அவருடைய கடிதங்களும் முக்கியமானவை. பெரும்பாலானவை திலீப்குமார் ராய்க்கு எழுதியவை. வங்க நாடகாசிரியர் திவிஜேந்திரலால் ராயின் மகன் திலீப்குமார், பாடகர், சுபாஷ் சந்திர போஸின் நண்பர், புதுச்சேரியில் அரவிந்தரின் சீடராகப் பல ஆண்டுகள் இருந்தவர். லக்னோ நாள்களிலேயே நிக்சனோடு பழகியவர். கிருஷ்ணபிரேமின் கடிதங்களை அவர் அரவிந்தரிடம் காட்டுவார். அவருடைய நுண்ணறிவை, பொருளை நேரே காணும் புத்தியை, அரவிந்தர் மனமார மெச்சி எழுதியிருக்கிறார். கிருஷ்ணபிரேம் மறைந்த பிறகு திலீப்குமார் எழுதிய நூல்தான் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைத் தந்தது.

திருவண்ணாமலையில்

1948இல் கிருஷ்ணபிரேம் தென்னாட்டுக்கு வந்தார். திருவண்ணாமலையில் ரமணரையும் புதுச்சேரியில் அரவிந்தரையும் அந்த ஆசிரமத்து அன்னையையும் தரிசித்தார்.

ரமணாசிரமத்தில் நடந்ததைத் திலீப்குமார் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கூடத்தில் அமர்ந்து கண்ணை மூடியதும் அவருக்குள் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது: நீ யார்? கண்ணனின் தொண்டன் என்று மனத்துக்குள் பதில் சொல்லிப் பார்க்கிறார். கேள்வி மாறுகிறது: கண்ணன் யார்? நந்தனின் மகன் என்கிறார், அவதாரம் என்கிறார், எல்லா உயிரிலும் உறைபவன் என்கிறார். ஒரு பதிலும் நிற்கவில்லை. எழுந்துபோனாலும் கேள்வி விடவில்லை. இரவு தங்குமிடத்தில் தன் இஷ்ட தெய்வமான ராதையிடம் மன்றாடிய பிறகுதான் விடை கிடைத்தது என்கிறார்கள். மறுநாள் கூடத்தில் ரமணர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். இப்போது கிருஷ்ணபிரேமின் முறை. நீங்கள் யார் என்று அவர் மனத்தில் கேட்டு நிமிர்ந்தபோது அந்த ஆசனம் வெறுமையாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தால் ரமணர் பழையபடி அங்கே இருந்தார். ஒரு வார்த்தை பேச்சு இல்லாமல் நடந்து முடிந்த உரையாடல் இது.

ஞானமும் பக்தியும் ஒருவரிடமே கூடிய அரிய சேர்க்கை என்று ரமணர் அவரைப் பற்றிச் சொன்னதாகவும் பதிவு உண்டு. அத்வைதத்தின் உச்சியில் இருந்த ஒருவர் முன்னால் கண்ணனின் தொண்டர் தன் தெய்வத்தைக் கைவிடவில்லை. அந்தத் தெய்வத்திடமே போய் விடை கேட்டார். விசாரமும் சரணாகதியும் ஒன்றையொன்று விலக்கும் என்று வாதிடுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் நல்ல பதில்.

விதிகளைத் தளர்த்திய கை

யசோதா மாயியின் இளைய மகள் மோதி ராணியும் மிர்தோலாவில்தான் வாழ்ந்தார். அன்னைக்குப் பின் அந்த வீட்டின் உயிர்ப்பே அவர்தான். 1951இல் அவர் இளம் வயதிலேயே இறந்தார். அதற்குப் பிறகு கிருஷ்ணபிரேமிடம் ஒரு மாற்றம் வந்தது. இத்தனை ஆண்டுகள் இறுகப் பிடித்திருந்த ஆசாரக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினார். கோயிலும் ஆரத்தியும் தொடர்ந்தன. தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்பவை போயின. வருகிறவர் எந்தச் சமயத்தவர் என்று பார்ப்பது நின்றது. சீடர்களிடம் சடங்கைவிட உள்நோக்கிய கவனத்தை வலியுறுத்தினார்.

இந்த மாற்றத்தை வைத்து, அவர் வைணவத்தைக் கடந்துவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதிகளை இருபது ஆண்டுக்கும் மேல் முழுமையாக வாழ்ந்து பார்த்த ஒருவர், அவை எதற்காக என்று அறிந்தபின் அவற்றைக் கீழே வைக்கிறார். தொடங்கும்போதே, தனக்கு வசதியில்லை என்று அவற்றை ஒதுக்கியிருந்தால் அது வேறு கதை. இரண்டுக்கும் உள்ள தூரம் அந்த இருபது ஆண்டுகள்தான். ராதாகிருஷ்ணரின் சந்நிதியை விட்டு அவர் கடைசிவரை விலகவில்லை.

கருடத்தூணும் ஜலதூதாவும்

கண்ணனிடம் வந்த அந்நியர்களின் வரிசை கிருஷ்ணபிரேமோடு தொடங்கியதும் அன்று. மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்கு அருகே பெஸ்நகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஊர்மக்கள் காம் பாபா என்று செந்தூரம் பூசி வணங்கிவந்த தூண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூரத்தை அகற்றியபோது கீழே பிராமி எழுத்து தெரிந்தது. தட்சசீலத்திலிருந்து வந்த ஹெலியோதோரஸ் என்ற கிரேக்கத் தூதன், தேவதேவனான வாசுதேவனுக்கு நிறுத்திய கருடத்தூண் அது. தன்னைப் பாகவதன் என்று அவன் குறித்துக்கொள்கிறான். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதி. ஆழ்வார்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையவன்.

கிருஷ்ணபிரேம் 1965 நவம்பர் 14 அன்று மறைந்தார். தன் கப்பல் புறப்படுகிறது என்பதுதான் அவருடைய கடைசிச் சொற்களின் பொருள் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஜலதூதா என்ற சரக்குக் கப்பலில், 69 வயதை நெருங்கிய ஒரு கௌடீய சந்நியாசி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மாரடைப்பு, செப்டம்பரில் பாஸ்டனில் இறங்கினார். பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் தொடங்கியதுதான் இஸ்கான். அதன்பின் நடந்தது உலகமே அறிந்தது. ஒருவர் மேற்கிலிருந்து இங்கு வந்து ஒரு மலையில் தங்கிவிட்டார். மற்றவர் இங்கிருந்து மேற்குக்குப் போய் ஊர் ஊராகச் சுற்றினார். இருவரும் சந்தித்ததாகச் செய்தி இல்லை. இருவரின் மரபும் சைதன்யரிடம் போய்ச் சேர்கிறது.

கிருஷ்ணபிரேம் பிரசாரம் செய்யவில்லை. மடம் பெருக்கவில்லை. அதனால்தான் அவருடைய பெயர் தமிழில் இவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் சீடர்களை வளர்த்தார். அவர்களில் முதன்மையானவர் மாதவ ஆசிஷ். ஸ்காட்லாந்தில் 1920இல் பிறந்த அலெக்சாண்டர் ஃபிப்ஸ். இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். முதல் போரின் விமானிக்கு இரண்டாம் போரின் விமானப் பொறியாளர் சீடரானார். ஆசிஷ் முதலில் போனது திருவண்ணாமலைக்குத்தான். ரமணரின் சந்நிதியில் இருந்த சில நாள்கள் அவருடைய வாழ்க்கையைத் திருப்பின. 1946இல் மிர்தோலா வந்து சேர்ந்தார்.

குருவுக்குப் பின் ஆசிரமம் அவருடைய பொறுப்பில் வந்தது. ஆசிஷ் தியானம் சொல்லித்தந்தார், சீடர்களின் கனவுகளைக் கேட்டு அவற்றின் பொருளை விளக்கினார். அதோடு, சுற்றியிருந்த மலை வழுக்கையாவதையும் கவனித்தார். குமாவூன் பெண்கள் விறகுக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் நாளுக்கு நாள் அதிக தூரம் நடக்க வேண்டியிருந்தது. காடு குறைந்தால் எருவுக்கான தழை குறையும், எரு குறைந்தால் படிக்கட்டு வயல் மெலியும், வயல் மெலிந்தால் ஆண்கள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்குப் போவார்கள். இந்தச் சங்கிலியை அவர் கட்டுரைகளில் விளக்கினார். மலைப்பகுதி வளர்ச்சி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களிலும் இடம்பெற்றார். ஆசிரம நிலத்தைச் சீர்திருத்திக் காட்டி, பக்கத்துக் கிராமத்தாரை அதைப் பார்த்துச் செய்ய வைத்தார். கோயிலில் நிவேதனம் ஒருநாளும் தவறாத அதே இடத்தில், எந்தப் புல்லை எந்தச் சரிவில் நடலாம், பசுவுக்கு எது ஆகும் என்று கேட்டு மலைவாசிகள் சாமியாரிடம் வந்தார்கள். 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1997இல், மாதவ ஆசிஷ் காலமானார்.